வராத நாளில் தேடுகிற ஓரிடம்: கூடிப் பழகுவதும் மனநலமும், திருகோணமலையில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"மனம் சரியில்லை" என்று சொன்னால் நம் ஊரில் முதலில் கிடைக்கும் பதில், "வீட்டுக்குள்ளேயே கிடக்காமல் நாலு பேரோடு பழகு" என்பதுதான். சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எந்த நாலு பேர், எங்கே, எத்தனை மணிக்கு, முதல் நாள் போய் என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க உவர்மலையில் தனியே இருக்கும் தாய், கலியாணம் முடித்து வேற்றூரிலிருந்து நிலாவெளிக்கு வந்த பெண், ஓய்வு பெற்ற பிறகு காலையில் எழும்பி என்ன செய்வது என்று தெரியாத ஆசிரியர், படிக்க வந்து வாடகை அறையில் தங்கியிருக்கும் தம்பி, இடம்பெயர்ந்து பல வருடங்களின் பின் சம்பூருக்குத் திரும்பி பழைய அயலவர் பாதிப் பேரைக் காணாத பெரியவர். இவர்கள் எல்லாருக்கும் அந்த ஒரு வரி அறிவுரை போதாது. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இதில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான். மனதைத் தாங்குவது பெரிய கூட்டம் இல்லை. ஒரு கிழமை நீங்கள் போகாவிட்டால் "ஏன் காணவில்லை?" என்று யாராவது கேட்கிற ஓரிடம் வேண்டும். கோணேசர் நகர்வலம் வரும்போது ஆயிரக்கணக்கானவர்கள் நடுவே நின்று கும்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் முன்பைவிட வெறுமையாக உணர்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் ஐந்தாறு பேரோடு உட்கார்ந்து பூமாலை கட்டுகிறவர் நிலை வேறு. அவர் வராவிட்டால் மாலை குறையும், ஆட்களும் கேட்பார்கள்.

முதலில், ஏன் இது வேலை செய்கிறது

2010 இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மூன்று இலட்சத்துக்கும் அதிகமானவர்களின் விபரம் அதில் இருந்தது. உறவுகளும் தொடர்புகளும் வலுவாக இருந்தவர்கள், ஆய்வுக்காலம் முடியும்போது உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட 50 வீதம் அதிகமாக இருந்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1938 இல் தொடங்கி இன்றுவரை நடத்தும் நீண்டகால ஆய்விலும், முதுமையில் நலமாக இருந்தவர்களிடம் தெளிவாகத் தெரிந்த ஒன்று நெருங்கிய உறவுகளின் தரம். உலக சுகாதார நிறுவனம் 2025 இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுவதாகவும், வருடத்துக்கு 871,000 மரணங்கள் தனிமையோடு தொடர்புபட்டவை என்றும் மதிப்பிட்டது.

தனிமை மனதை எப்படிக் கெடுக்கிறது என்பதை ஜோன் கசியோப்போ என்ற ஆய்வாளர் நன்றாக விளக்கினார். பசி எப்படி "சாப்பிடு" என்று உடல் தரும் சைகையோ, அப்படியே தனிமையுணர்வு "ஆட்களிடம் போ" என்று தரும் சைகை என்றார். சிக்கல் என்னவென்றால், அது நீண்டு போனால் மனம் எச்சரிக்கையாகிவிடுகிறது. எதிரே வருகிறவர் வேறு ஏதோ யோசனையில் சிரிக்காமல் போனாலும், "என்னைக் கண்டும் காணாத மாதிரிப் போகிறார்" என்று படுகிறது. வட்ஸ்அப்பில் பதில் வரப் பிந்தினால், "என்னைத் தேவையில்லை என்று நினைக்கிறார்கள்" என்று தோன்றுகிறது. ஆட்கள் தேவையாக இருக்கும் நேரத்தில்தான் ஆட்களை விட்டு விலகிப் போகிறோம்.

தனிமையைக் குறைக்கும் முயற்சிகளை ஒப்பிட்டு 2011 இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, ஆட்களைச் சும்மா ஒன்றுகூட்டுவதைவிட இந்தச் சந்தேக நினைப்பைத் திருத்த உதவிய முயற்சிகளே கூடப் பலன் தந்தன என்று கண்டது. எனவே "அவர்களுக்கு என்னைப் பிடிக்காது" என்ற நினைப்பு வரும்போது, அதை ஊராரைப் பற்றிய செய்தியாக எடுக்காதீர்கள். காய்ச்சல் வந்தால் உடம்பு சுடுகிறது, தனிமை நீண்டால் இப்படி நினைப்பு வருகிறது, அவ்வளவுதான்.

படி 1: ஒரு கிழமை எழுதிப் பாருங்கள்

ஒரு பழைய கொப்பி போதும். ஏழு நாட்களுக்கு இரவு படுக்க முன் மூன்று விடயங்கள் எழுதுங்கள்: இன்று யாரோடு கதைத்தேன், எதைப் பற்றி, அதற்குப் பிறகு மனம் லேசாக இருந்ததா கனத்ததா. மீன் வாங்கும்போது கதைத்த இரண்டு வார்த்தையையும் எழுதுங்கள்.

கிழமை முடிவில் வாசித்தால் உங்களுக்கு எது குறைகிறது என்று தெரியும். எல்லாருக்கும் ஒரே குறை இருப்பதில்லை. சிலருக்கு இரவு பத்து மணிக்கு அழைத்து அழக்கூடிய ஓர் ஆள் இல்லை. சிலருக்கு அப்படி ஒரு தங்கச்சி இருக்கிறாள், ஆனால் சேர்ந்து ஏதாவது செய்ய ஒரு கூட்டம் இல்லை. இன்னும் சிலருக்கு வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தும், வெளியில் பேர் சொல்லிக் கூப்பிட ஒருவர்கூட இல்லை. குடும்பமாக வாழ்கிற பெண்களிடம் இந்தக் கடைசிக் குறை அதிகம். "வீடு நிறைய ஆட்கள், உனக்கென்ன தனிமை?" என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்துவிடுகிறோம்.

மறுபக்கமும் உண்டு. தனியே இருப்பது எல்லாம் நோய் இல்லை. காலையில் கடற்கரையில் ஒருவராக நடந்துவிட்டு நிறைவாக வருகிறவரை "பாவம், தனிய" என்று பார்க்கத் தேவையில்லை. உங்கள் கொப்பியில் தனியே இருந்த நேரங்கள் லேசாக இருந்ததாகவே வந்தால், அதை அப்படியே விடுங்கள்.

படி 2: எந்தக் கூட்டம் என்று தெரிவு செய்யுங்கள்

இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்ட வேண்டாம். தெரிவு பிழைத்தால் இரண்டாம் கிழமையே விட்டுவிடுவீர்கள்.

நான் பார்க்கச் சொல்லும் அளவுகோல்கள் இவை. அதே நாள், அதே நேரம், அதே முகங்கள் இருக்க வேண்டும். கைக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். நடந்தோ சைக்கிளிலோ போகும் தூரத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் மனம் சோர்ந்த நாளில் ஓட்டோவுக்குக் காசு பார்ப்பதே போகாமல் விட நல்ல சாட்டு ஆகிவிடும். ஆட்கள் பதினைந்துக்கு மேல் இல்லாவிட்டால் நல்லது. கூட்டம் பெரிதானால், நீங்கள் வராதது தெரியாமலே போய்விடும்.

சேர்ந்து உடம்பை அசைப்பது ஒரு வகை. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் படகோட்டிகளை வைத்து நடத்திய ஒரு சிறிய ஆய்வு 2010 இல் வெளிவந்தது. ஒரே உடற்பயிற்சியைத் தனியே செய்தபோதும், மற்றவர்களோடு ஒரே தாளத்தில் சேர்ந்து செய்தபோதும் வலியைத் தாங்கும் அளவை அளந்தார்கள். சேர்ந்து செய்தபோது அது கூடுதலாக உயர்ந்தது. உடலில் சுரக்கும் எண்டோர்பின் இதற்குக் காரணம் என்று கருதினார்கள். வலியைக் குறைத்து மனதை இலேசாக்குவது அதுதான்.

நிலாவெளிப் பக்கம் காலையில் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். தோணியில் கொண்டுபோய் வளைத்து விட்ட கரைவலையின் இரண்டு கயிறும் கரைக்கு வர, இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். ஒருவர் குரல் எடுக்க மற்றவர்கள் ஏற்பார்கள், அந்தக் குரலோடு எல்லாருடைய இடுப்பும் ஒரே நேரத்தில் பின்னால் சாயும். முன்னால் நின்றவர் இழுத்துப் பின்னே போய், கயிற்றின் கடைசியை விட்டுவிட்டு மறுபடி தண்ணீர் ஓரத்துக்கு வந்து பிடிப்பார். வலை நெருங்க நெருங்க இரண்டு வரிசையும் ஒன்றையொன்று அண்டி வரும். அது கடும் உழைப்பு, மீன் படாத நாளில் கூலியும் இல்லை, அதை அழகாக்கிச் சொல்லிக் கடந்துவிடக் கூடாது. ஆனால் ஒரே தாளத்தில் இழுக்கிறவர்களுக்குள் வரும் அந்தப் பிணைப்பை, கடலுக்குப் போகாத நாம் வேறு வழியில் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கோட்டை வாசலில் தொடங்கிக் கோணேசர் கோயில் வரை விடியற்காலையில் மூன்று நாலு பேராக ஏறி நடப்பது, பின்னேரம் டச்சுக்குடாக் கரையில் நடப்பது, ஊர் விளையாட்டுக் கழகத்தில் கரப்பந்து அடிப்பது, மாதர் சங்கத்தில் கும்மியோ கோலாட்டமோ பழகுவது, எல்லாம் இந்த வகைதான்.

சேர்ந்து குரல் எடுப்பது இன்னொரு வகை. பஜனை, திருமுறை ஓதுதல், தேவாலயப் பாடகர் குழு. சம்பந்தர் கோணமாமலையைப் பாடிய பதிகம் "நிரைகழல் அரவம்" என்று தொடங்கும். அதைத் தனியே படிப்பதற்கும் பத்துப் பேரோடு சேர்ந்து பண்ணோடு பாடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை மூச்சே சொல்லும். எல்லாரும் ஒரே இடத்தில் மூச்செடுத்து ஒரே இடத்தில் விடுகிறார்கள். பாட வராது என்று நினைக்கிறவர்கள் பின்வரிசையில் தாளம் போடலாம்.

சேர்ந்து வேலை செய்வது மூன்றாவது. சிரமதானம், அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டுவது, முதியோர் சங்கத்தின் கணக்குக் கொப்பியைப் பார்ப்பது, அறநெறிப் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது, வாசிகசாலையில் பேப்பரை அடுக்கி வைப்பது. மனம் சோர்ந்தவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த வகையைத்தான். இங்கே நீங்கள் சிரிக்கத் தேவையில்லை, கதைக்கத் தேவையில்லை, பூசணிக்காயை வெட்டினால் போதும். கதை தானாக வரும். இன்னொன்று, உதவி வாங்குகிறவராக மட்டுமே இருந்து களைத்துப் போனவருக்கு, "இவர் இல்லாவிட்டால் இந்த வேலை நடக்காது" என்ற நிலை தரும் தெம்பு பெரிது.

உங்கள் பகுதியில் என்ன சங்கங்கள் இருக்கின்றன என்று தெரியாவிட்டால், கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். முதியோர் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், மரண உதவிச் சங்கம், விளையாட்டுக் கழகம் என்று எது இயங்குகிறது, யார் செயலாளர் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் கேட்கலாம்.

பெண்களுக்கு ஒரு குறிப்பு. பின்னேரம் சும்மா வெளியே போனால் கதை வரும் வீடுகளும் தெருக்களும் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். அது பிழை, மாற வேண்டும். ஆனால் அது மாறும் வரை நீங்கள் காத்திருக்க முடியாது. கோயில் வேலை, சங்கக் கூட்டம், தையல் வகுப்பு என்று சொல்லிப் போகக்கூடிய ஒரு பெயர் உள்ள, பகல் நேர இடமாகத் தொடங்குங்கள்.

எல்லாக் கூட்டமும் நல்ல கூட்டம் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போத்தல் இல்லாமல் கூடத் தெரியாத நண்பர் வட்டம் மனச்சோர்வை ஒரு இரவுக்குத் தள்ளிவைத்து மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்கும். குழுவாகச் சேர்ந்து எடுத்த நுண்கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் நிற்கும் நிலையைப் பல ஊர்களில் பார்த்தோம். வெட்கத்தையும் பயத்தையும் தரும் கூட்டம், எத்தனை பேர் இருந்தாலும், மனதுக்கு விஷம். கொப்பியில் தொடர்ந்து "கனத்தது" என்று வரும் இடத்தை விட்டு விலகுங்கள்.

படி 3: முதல் நாள்

மனச்சோர்வில் இருப்பவர் "மனம் வந்தால் போவேன்" என்பார். மனம் வராது. பீட்டர் லூவின்சோன் போன்ற உளவியலாளர்கள் 1970களில் இருந்து காட்டி வந்த விடயம் இது: செயல் குறையக் குறைய மனதுக்கு மகிழ்ச்சி தரும் சந்தர்ப்பங்கள் குறைகின்றன, அவை குறைய மனம் இன்னும் சோர்கிறது. எனவே மனம் இருக்கிறபடி இருக்க, உடம்பைக் கொண்டுபோக வேண்டும். இன்று மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் நல்ல உளச்சிகிச்சைகளில் ஒன்று இந்த அடிப்படையில்தான் நடக்கிறது.

போக முன் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். "அக்கா, வெள்ளிக்கிழமை மாலை கட்ட நானும் வரலாமோ? எத்தனை மணிக்கு வரட்டும்?" இவ்வளவு போதும். மணி கேட்பது முக்கியம், ஏனென்றால் மணி சொன்னவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கூட்டம் தொடங்கிய பிறகு போகாதீர்கள். எல்லாரும் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருக்கும்போது உள்ளே நுழைவதுதான் கஷ்டம். பத்து நிமிடம் முந்திப் போனால் பாய் விரிக்கலாம், கதிரை அடுக்கலாம், தேத்தண்ணி வைக்க உதவலாம். வருகிறவர்கள் எல்லாரும் உங்களைத் தாண்டித்தான் வருவார்கள், கதை அவர்களே தொடங்குவார்கள். முதல் நாள் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு எழும்பினாலும் குற்றமில்லை. ஆனால் எழும்பும்போது "அடுத்த கிழமை வருகிறேன்" என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டு வாருங்கள்.

வீட்டுக்கு வந்து, "நான் கதைத்தது சரியில்லை, அவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ" என்று படுக்கையில் புரளுவீர்கள். இது அநேகமாக எல்லாருக்கும் நடப்பது. 2018 இல் வந்த ஓர் ஆய்வில், முதல்முறை சந்தித்துக் கதைத்தவர்களிடம் தனித்தனியே கேட்டபோது, மற்றவருக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்பதை ஆட்கள் குறைத்தே மதிப்பிட்டார்கள். உண்மையில் அவர்களை மற்றவருக்கு அதைவிடக் கூடுதலாகப் பிடித்திருந்தது. அன்றிரவு நீங்கள் உங்களுக்குப் போடும் புள்ளியை நம்ப வேண்டாம்.

படி 4: பொறுமை, கொஞ்சம் கணக்கோடு

அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி ஹோல் 2018 இல் ஒரு கணக்குச் சொன்னார். அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணித்தியாலம் சேர்ந்து கழிக்க வேண்டும், நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பராக 200க்கு மேல்.

கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் சங்கத்துக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மணித்தியாலம் சேர ஆறு மாதம். 200 சேர இரண்டு வருடம். மூன்று கிழமை போய்விட்டு "அங்கே எனக்கு ஒருவரும் சரிவரவில்லை" என்று விடுகிறவர் ஆறு மணித்தியாலம்தான் கொடுத்திருக்கிறார்.

இதைச் சுருக்க ஒரு வழி உண்டு. கூட்டத்துக்கு முன்னும் பின்னும் உள்ள நேரத்தைப் பிடியுங்கள். ஒரே தெருவில் இருப்பவரோடு சேர்ந்து நடந்து போய் நடந்து வந்தால் கிழமைக்கு இன்னொரு மணித்தியாலம் கூடும். உண்மையான கதை நடப்பதும் அந்த நடையில்தான். முகத்துக்கு முகம் பார்த்து மனதைச் சொல்ல முடியாத ஆண்கள், பக்கத்தில் நடந்துகொண்டு சொல்லிவிடுவார்கள்.

மாரி மழையையும் முன்கூட்டியே யோசியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று தொடங்கினால் கடற்கரை நடை நின்றுவிடும், வீட்டுக்குள் அடைபட்டுப் போவோம். நடைக்குழு வைத்திருப்பவர்கள் மழைக்காலத்துக்கு ஒரு விறாந்தையை இப்போதே பேசி வையுங்கள்.

படி 5: என்ன கதைப்பது, எப்போது நிறுத்துவது

மனதில் இருப்பதைச் சொன்னால் பாரம் குறையும் என்பது உண்மைதான், ஆனால் பாதி. அமண்டா ரோஸ் என்ற ஆய்வாளர் 2002 இல் பாடசாலைப் பிள்ளைகளிடம் பார்த்ததில், ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பச் சேர்ந்து அலசும் பழக்கம் நட்பை நெருக்கமாக்கியது, கூடவே மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் சேர்ந்தே காணப்பட்டது. இரண்டு பேர் தினமும் தொலைபேசியில் மாமியாரைப் பற்றி ஒரு மணித்தியாலம் புலம்பினால் அன்பு வளரும், தலையிடியும் வளரும். ஒருமுறை முழுதாகச் சொல்லுங்கள், அழ வேண்டுமானால் அழுங்கள். அடுத்த முறை அதே கதை வந்தால், "சரி, இந்தக் கிழமை இதுக்கு என்ன செய்யலாம்?" என்று ஒரு கேள்வியைச் சேருங்கள்.

கேட்கிறவராக இருக்கும்போது, "இதெல்லாம் ஒரு கவலையா, சுனாமியில் பிள்ளையை இழந்தவர்களைப் பார்" என்று ஒப்பிடாதீர்கள். 2004 டிசம்பர் 26ஐயும் யுத்தத்தையும் பார்த்த ஊர் இது. இங்கே ஒவ்வொருவருக்கும் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது, அதனாலேயே சின்னக் கவலையைச் சொல்ல வெட்கப்பட்டு அடக்கிவைக்கிறோம்.

படி 6: சின்ன அறிமுகங்களை விடாதீர்கள்

தேத்தண்ணிக் கடை முதலாளி, பஸ் நடத்துனர், மீன்காரர், பக்கத்துத் தெரு மாமி. இவர்களோடு கதைக்கும் ஒரு நிமிடத்துக்கும் மனநிலையில் பங்குண்டு என்று 2014 இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அதே வருடம் சிக்காகோ ரயில் பயணிகளிடம் நடந்த இன்னொன்றில், அந்நியரோடு கதைப்பது சலிப்பாக இருக்கும் என்று ஆட்கள் எதிர்பார்த்தார்கள், உண்மையில் கதைத்தவர்களுக்குப் பயணம் கூடுதல் இனிமையாக இருந்தது. கிண்ணியா பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் இதைச் செய்ய எந்த ஆய்வும் தேவையில்லை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் நிற்கும் ஊரில் இந்தச் சின்னக் கதைக்கு இன்னொரு பெறுமதியும் உண்டு. ஊர் பதற்றமாகும் நாளில், முகம் தெரிந்த ஒருவரைப் பற்றி வதந்தியை நம்புவது கடினம்.

படி 7: வீட்டை விட்டு வெளியேற முடியாதவர்கள்

படுக்கையில் இருக்கும் தாயைப் பார்க்கிறவர், கைக்குழந்தைக்காரி, கால் ஏலாத ஐயா. இவர்களிடம் "வெளியே போ" என்பதில் பொருளில்லை. கூட்டம் இவர்களிடம் வர வேண்டும். மாதத்தில் ஒரு சங்கக் கூட்டத்தை அவர்கள் வீட்டு விறாந்தையில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பராமரிப்பவருக்கு, பக்கத்து வீட்டவர் கிழமைக்கு ஒரு தடவை ஒரு மணித்தியாலம் வந்து இருந்தால், அவர் கோயிலுக்கோ கடைக்கோ போய்வரலாம்.

தொலைபேசியைப் பொறுத்தவரை, அழைத்துக் கதைப்பதும் மற்றவர்கள் போட்ட படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதும் ஒன்றல்ல. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: "சாப்பிட்டீங்களா, மருந்து குடிச்சீங்களா" என்ற இரண்டு கேள்வியோடு வைத்துவிடாதீர்கள். ஏதாவது கேட்டுப் படியுங்கள். சொதிக்கு எப்போது தேங்காய்ப்பால் விடுவது, அப்பாவின் பழைய கடை எந்தத் தெருவில் இருந்தது. அம்மாவுக்குக் கொடுக்க ஏதோ இருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கே தெரியும்.

படி 8: மரண வீட்டுக்குப் பிறகு வரும் நாட்கள்

நம் சமூகம் இழவை நன்றாகவே தாங்கும், ஒரு மாதத்துக்கு. செய்தி கேட்டதும் அயல் முழுவதும் வரும். மரண உதவிச் சங்கம் கொட்டகையும் கதிரையும் கொண்டுவரும். அடுப்பு எரியாத வீட்டுக்கு அடுத்த வீட்டிலிருந்து சாப்பாடு வரும். எட்டுச் செலவு, பிறகு 31ஆம் நாள், கன்னியா வெந்நீரூற்றில் அந்தியேட்டிக் கிரியை என்று ஒவ்வொன்றுக்கும் ஆட்கள் கூடவே நிற்பார்கள். இது பெரிய பாதுகாப்பு. செய்வதற்குக் கிரியையும் அழுவதற்கு ஆளும் உள்ள ஒழுங்கு அது.

அதன் மறுநாள் கதிரைகள் போய்விடும், உறவினர் பஸ் ஏறிவிடுவார்கள். இரண்டு பேருக்குத் தேத்தண்ணி ஊற்றிப் பழகிய கை ஒரு கோப்பையோடு நிற்பது அன்றுதான். உண்மையான தனிமை 32ஆம் நாள் தொடங்குகிறது.

அதனால் இழவு வீட்டுக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எல்லாரும் முதல் கிழமையிலேயே போய் நிற்க வேண்டாம். இரண்டு மூன்று பேர் தங்களுக்குள் பேசி, 31க்குப் பிறகு வரும் மாதங்களில் கிழமைக்கு ஒருவர் என்று நாள் பிரித்துக்கொள்ளுங்கள். போய் ஆறுதல் வார்த்தை தேடத் தேவையில்லை. "பென்சன் விடயமாகப் போக வேண்டுமென்றீர்களே, வாங்கோ நான் கூட வருகிறேன்" என்பது போதும். அப்புறம் மெல்ல அவரை ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள்.

கணவனை இழந்த பெண்கள் விடயத்தில் நாம் இன்னும் திருந்த வேண்டும். மங்கல காரியத்தில் அவர்களை ஓரமாக நிறுத்துகிறோம், பிறகு "ஒன்றுக்கும் வருவதில்லை, ஒதுங்கிப் போய்விட்டாள்" என்கிறோம். யுத்தமும் கடலும் இத்தனை பெண்களைத் தனியாக்கிய மாவட்டத்தில் இது கொடுமை. உங்கள் வீட்டுக் கலியாணத்தில் அவரை அழைத்து, ஆராத்தித் தட்டை அவர் கையில் கொடுங்கள். எந்த மனநலக் கருத்தரங்கும் அதற்கு ஈடாகாது.

படி 9: நீங்களே ஒரு கூட்டம் தொடங்குவதானால்

ஐந்து பேர் போதும். ஒரு நாள், ஒரு நேரம், ஒரு வேலை. தலைவர், செயலாளர், யாப்பு என்று தொடங்காதீர்கள், பதவிச் சண்டை பாதிக் கூட்டங்களைத் தின்றுவிடும். ஒருவருக்கு மட்டும் நிலையான பொறுப்புக் கொடுங்கள்: வராதவரைக் கவனிப்பது. ஒரு தடவை வராவிட்டால் ஒரு அழைப்பு. இரண்டு தடவை வராவிட்டால் வீட்டுக்குப் போவது. போகும்போது "ஏன் வரவில்லை?" என்று விசாரணை போல் கேட்காமல், கையில் ஏதாவது கொண்டுபோங்கள், அன்று கூட்டத்தில் நடந்ததைச் சொல்லுங்கள், அடுத்த கிழமை அவருக்கென்று ஒரு சின்ன வேலையை ஒதுக்கிவிட்டு வாருங்கள்.

மருத்துவம் படிக்காத சாதாரண ஆட்களால் எவ்வளவு முடியும் என்பதற்கு சிம்பாப்வே ஒரு சாட்சி. மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006 இல் ஹராரேயில் 14 பாட்டிமாருக்கு எளிய பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வளவில் ஒரு வாங்கில் உட்கார்ந்து ஆட்களின் கதையைக் கேட்க வைத்தார். 2016 இல் வெளியான பரிசோதனை முடிவில், அந்த வாங்கில் உட்கார்ந்து கதைத்தவர்களுக்கு மனச்சோர்வு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகக் குறைந்திருந்தது. நம் ஊர் அம்மம்மாக்களுக்கும் கேட்கத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், யுத்தத்தில் காயப்படுவது தனிமனித மனம் மட்டுமில்லை, குடும்பமும் ஊரும் அவற்றின் நம்பிக்கையும்கூட என்று எழுதி வந்திருக்கிறார். அப்படியானால் சின்னக் கூட்டம் ஒன்றைத் தொடங்கி நடத்துவதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

படி 10: கூட்டம் மட்டும் போதாத நேரம்

இரண்டு கிழமைக்கு மேலாக அநேக நாட்கள் மனம் இருண்டு கிடந்தால், முன்பு பிடித்த எதிலும் விருப்பம் போய்விட்டால், நித்திரையும் சாப்பாடும் குழம்பினால், "நான் எல்லாருக்கும் பாரம்" என்ற பேச்சு வந்தால், அதைக் கோயிலுக்கும் சங்கத்துக்கும் போய் மட்டும் தீர்க்க முயல வேண்டாம். அது வைத்தியம் தேவைப்படும் நிலை. திருகோணமலை மாவட்ட பொது வைத்தியசாலையில் கேட்டால் மனநலப் பிரிவுக்கு வழி சொல்வார்கள். கிளினிக் என்றால் ஊர் என்ன சொல்லும் என்று தயங்குகிறவரோடு நீங்கள் போங்கள். வரிசையில் பக்கத்தில் உட்காருங்கள், மருந்துத் துண்டை வாங்கி வாருங்கள், அடுத்த திகதியை உங்கள் தொலைபேசியிலும் குறித்து வையுங்கள். மருந்து தொடங்கினாலும் வெள்ளிக்கிழமைக் கூட்டம் தொடரட்டும், இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்.

சாக வேண்டும் போலிருக்கிறது என்று யாராவது சொன்னால், கண்டிக்காதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். "உயிரை மாய்க்க யோசிக்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, சொல்ல முடியாமல் தவித்தவருக்கு வாய் திறக்கும். அவரைத் தனியே விடாமல், வீட்டில் உள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் எட்டாத இடத்துக்கு எடுத்துவிட்டு, வைத்தியசாலைக்கு அழைத்துப் போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926, தமிழிலும் கதைக்கலாம், இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். 1333 என்ற இலவச இலக்கமும் இருக்கிறது. அழைக்கத் தயங்குகிறவருக்கு நீங்களே இலக்கத்தை அடித்து, மறுமுனையில் குரல் கேட்டதும் தொலைபேசியை அவர் கையில் கொடுங்கள்.